வெட்டிய கடாவுக்குச் சாவில்லை

என் மாமனார் தோடிங் எங்கள் வீட்டுத் தெற்கறையில் இரண்டு வருடமாக நோயாகப் படுத்திருந்தார். நோய் என்பது எங்கள் ஊர் மரியாதை. மூச்சு நின்றுவிட்டது, உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றியாகிவிட்டது, பட்டுத்துணி சுற்றியாகிவிட்டது. காலையில் காப்பியும் மாலையில் கள்ளும் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தோம். எருமை வெட்டிச் சடங்கு முடிகிற வரைக்கும் எங்களில் யாரும் சாவதில்லை. சடங்கு முடிக்கக் காசு வேண்டும். அந்தக் காசு ரந்தேபாவ் கடைத்தெருவில் ஒரு வங்கியில் கிடந்தது. நான் சாலைப்பணித் துறையில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தப் பணம், என் மனைவி தமாரிஸ் பன்றி வளர்த்துச் சேர்த்தது, அவள் தம்பி யோசியாஸ் கலிமந்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகைக் கரியாக்கிக்கொண்டு வந்தது, எல்லாம் அதில்தான்.

அந்தப் பணத்தில் ஒரு புள்ளிக்கடா வாங்கி வெட்டி அனுப்புவதாகத் தமாரிஸ் தன் அப்பா காதில் வாக்குக் கொடுத்திருந்தாள். வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி விழுந்து, கண் நீலமாக இருக்கிற எருமைக்கடா. அது இல்லாவிட்டால் அந்த உலகத்துக்குப் போகிற பாதையில் மனிதர் நடந்தே போக வேண்டும். அவருக்கோ ஆயுள் முழுக்க முழங்கால் வலி.

தொண்ணூற்றேழாம் வருடம் எங்கள் நாட்டுப் பணமான ரூபியாவின் மதிப்பு விழுந்தது. விழுந்தது என்றால் மாங்காய் விழுவதுபோல அல்ல. மலைச்சரிவில் பிரேக் போன என் ரோலர் ஒரு தடவை உருண்டதே, அதுபோல. முதலில் மெதுவாக, பார்ப்பவர்கள் சிரிக்கிற அளவுக்கு மெதுவாக. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு காலை தமாரிஸ் பாதிச் சோற்றில் எழுந்தாள். எங்கள் பிள்ளை சம்பேயின் பெயர் வைத்துத்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"சம்பே அப்பா, சட்டையப் போடுங்க. பணத்த எடுக்கப் போறோம்."

"எவ்வளவு?"

"பணம்னா பணம். அதுல எவ்வளவு என்ன எவ்வளவு?"

வங்கி வாசலில் பாதி மாவட்டம் நின்றது. மீதிப் பாதி அவர்கள் தோள்மேல் நின்றது. ஒரு சபை ஊழியர் வேதாகமத்தால் ஒருவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தமாரிஸ் குனிந்தாள்; பன்றியைப் பிடிக்கிறவள் எப்படிக் குனிவாளோ அப்படி. கால்களுக்கு இடையில் புகுந்து போனாள். அவள் போன வழியில் ஆண்கள் வரிசையாக அலறினார்கள். காவலாளி கதவைச் சாத்தப் பார்த்தபோது அவன் பெருவிரலைக் கடித்தாள். அந்த விரல் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறதாம். அவனே சொன்னான், இப்போது எங்களுக்கு நல்ல சிநேகிதம். நான் என் பங்குக்கு ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை இடுப்பில் தூக்கி ஓரமாக வைத்தேன். உதடு கிழிந்து, கொண்டை அவிழ்ந்து, தவிட்டுச் சாக்கில் பணத்தோடு வெளியே வந்தாள் தமாரிஸ். சாக்கில் ரத்தம் இருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை.

வீட்டில் யோசியாஸ் காத்திருந்தான். அவன் சுரங்கத்தில் வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்தவன், ஆகவே உலகம் தெரிந்தவன்.

"அக்கா, டாலரா மாத்திடு. மகாசர்ல எனக்கு ஆள் இருக்கு."

"டாலர் எதுல செய்றாங்க?"

"காகிதத்துலதான்."

"ரூபியா?"

"அதுவும்... காகிதம்தான். ஆனா அது வேற காகிதம்க்கா!"

"காகிதத்தைக் குடுத்துட்டுக் காகிதத்த வாங்கவா நான் அந்தக் காவக்காரன் கையக் கடிச்சேன்? இப்ப செத்துக்கிட்டிருக்கிறதே காகிதம்தான்டா."

"அப்ப எருமை சாகாதாக்கும்?"

இந்தக் கேள்விக்கு அவள் கையில் இருந்த அகப்பையால் பதில் சொன்னாள். அவனும் தட்டை எறிந்தான். அக்காளும் தம்பியும் முற்றத்தில் உருண்டார்கள். நெற்களஞ்சியத்துக் கம்பம் ஆடியது. தெற்கறையில் அப்பா நோயாக இருக்கிறார், சத்தம் போடாதீர்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உடனே இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிசுகிசுப்பாகவே மிச்சத்தையும் அடித்து முடித்தார்கள்.

போலு மாட்டுச் சந்தையில் அந்த வாரம் எருமைக்காரர்கள் ராஜாக்களாகத் திரிந்தார்கள். நாங்கள் பார்த்த புள்ளிக்கடாவை இன்னும் இரண்டு கூட்டம் பார்த்தது. விலை வாயில் இருக்கும்போதே ஏறியது. ஆள் மூச்சு வாங்கினால் அதற்குள் இன்னொரு விலை. தமாரிஸ் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கூட்டத்து ஆள் ஒருவன் வாலைப் பிடித்தான். வால் குஞ்சம் குறைந்தால் விலை குறையும் என்பதால் யோசியாஸ் அவன் கையில் அடித்தான். அவன் யோசியாசின் பல்லில் அடித்தான். அந்தப் பல் சேற்றில் விழுந்த நேரம் பேரம் முடிந்தது. சாக்கு காலி. கடா எங்களுடையது.

"டாலர் டாலர்னு குதிச்சியே," என்றாள் தமாரிஸ், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தம்பியிடம். "இந்தா, வாங்கிட்டேன். இதான் உன் டாலர். ஓட்டிட்டு வா."

அப்படித்தான் அதற்கு டாலர் என்று பெயர் வந்தது. மறுநாளிலிருந்து ஊரே கேட்டது: "என்ன மச்சான், டாலர் இன்னிக்கி எப்படி இருக்கு?" "ரெண்டு தடவ சாணி போட்டுச்சு." "அப்ப ஏறியிருக்கு!"

புள்ளிக்கடா உழாது. அதற்குப் புல் அறுத்து ஊட்ட வேண்டும், சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், கொம்புக்கு எண்ணெய் தடவ வேண்டும். யோசியாஸ் அதோடு கொட்டிலிலேயே படுத்தான். கல்யாணம் ஆகாதவன், அவ்வளவு பிரியமாக அவன் யாரையும் குளிப்பாட்டியதில்லை.

நவம்பரில் ஆற்றில் நடந்த சம்பவம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. டாலர் முழங்கால் தண்ணீரில் கண் மூடிச் சுகமாக நின்றது. மேலைக்கரையில் பொங் லிம்போங்கின் சண்டைக்கடா கயிற்றை அறுத்துக்கொண்டது. பொங் லிம்போங் என்பவர் தமாரிசின் அம்மா வழியில் மாமா முறை. எங்கள் பள்ளத்தாக்கில் மிகப் பெரிய குலவீடும் மிகப் பெரிய வாயும் உடையவர். அவருடைய சண்டைக்கடா மாடி வைத்த லாரி மாதிரி இருக்கும். அது ஆற்றை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது. யோசியாஸ் குறுக்கே நின்றான். கடா அவனைக் கொம்பில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி எறிந்தது. மூங்கில் புதரில் விழுந்தான், விலாவில் ஆழமான கிழிசல். அதன் பிறகு டாலரின் கொம்பைக் குறி வைத்தது. ஒரு கொம்பு ஒடிந்தால் போதும், எங்கள் முப்பது வருடச் சேமிப்பு ஆற்றோடு போகும். நான் கரையில் கிடந்த துணி துவைக்கிற கல்லைத் தூக்கி அதன் நெற்றிப்பொட்டில் போட்டேன். நாலு ஆள் தூக்குகிற கல். சரி, இரண்டு ஆள். கடா தள்ளாடியது, அதன் கொம்பு டாலரின் கொம்பை நூலளவில் உரசிக்கொண்டு போனது. ஆறு சிவப்பாக ஓடியது, பாதி யோசியாசின் ரத்தம், பாதி அந்தக் கடாவுடையது.

யோசியாசுக்குத் தையல் போட்டுக் கொண்டுவந்து கிடத்தினோம். தமாரிஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டாலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அன்னிக்குக் கேட்டல்ல, எருமை சாகாதான்னு," என்றாள்.

"இப்ப எதுக்குக்கா அது? வலிக்குது."

"இது உயிரோட இருக்கிற வரைக்கும் செத்துப்போகலாம். காலு ஒடியலாம், காய்ச்சல் வரலாம், களவு போகலாம். வெட்டிட்டா இதுக்குச் சாவு கிடையாது."

யோசியாஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எனக்கு முதலில் புரிந்துவிட்டது, சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சடங்கில் உறவுக்காரன் ஒரு கடாவைக் கொண்டுபோய் வெட்டினால் அது அன்பளிப்பு மாதிரி இருக்கும். ஆனால் அது கடன். திருப்புகிறபோது காசு செல்லாது. அதே நிறம், அதே கண், அதே கொம்பளவு. பேரன் காலத்திலாவது கொடுத்தே தீர வேண்டும். பொங் லிம்போங்கின் அம்மா ஐந்து வருடமாக நோயாக இருந்தார், டிசம்பரில் சடங்கு. எங்கள் வீட்டில் சடங்கு நடத்த இன்னும் கறுப்புக்கடாக்கள் சேர வேண்டும், கலிமந்தான் சொந்தங்கள் வர வேண்டும், ஒரு வருடம்போல ஆகும். அதுவரை டாலரை அவர் வீட்டில் வெட்டிக் கடனாகப் போட்டுவைப்பதுதான் தமாரிசின் திட்டம்.

"அந்த ஆளுகிட்டயா?" என்று அலறினான் யோசியாஸ். "அவரு மாடுதான என்னக் குத்துச்சு!"

"பணக்காரன்கிட்ட போட்டாத்தான்டா பத்திரம். ஏழைகிட்ட போட்டா எங்க போய்க் கேப்ப?"

சடங்குத் திடலுக்கு டாலரைச் சிவப்புத் துணி போர்த்தி ஓட்டிப் போனோம். கூட்டம் வாயைப் பிளந்தது. பொங் லிம்போங் மேடையில் கிராம்பு சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு புள்ளிக்கடாக் கடன் தலையில் விழுகிறது என்று முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் சுற்றிலும் அவருடைய பங்காளிகள் பொறாமையில் பொருமிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் நெஞ்சு விரிந்தது.

"வாம்மா தமாரிஸ்! என் பணம் மகாசர்ல வங்கியில குட்டி போட்டுக்கிட்டிருக்கு. நீ கேக்கும்போது ஒண்ணுக்கு ரெண்டாத் தரேன்."

"ஒண்ணு போதும் மாமா. இதே அளவுல ஒண்ணு. அளந்துக்குங்க."

கொம்பை எங்களில் கையால்தான் அளப்பார்கள், நடுவிரல் நுனியிலிருந்து மேலே. கடா கொடுத்த வீட்டு ஆணின் கை; நாளை கேட்டு வரப்போகிறவன் அவன்தானே. நான் வலது கையை நீட்டினேன். டாலரின் கொம்பு விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டு தாண்டி, முழங்கை தாண்டி, மேற்கையில் ஒரு தழும்பில் போய் நின்றது. ரோலரின் புகைக்குழாய் இளமையில் எனக்கு வைத்த முத்தம் அது. "தழும்பு!" என்று கத்தினார் அறிவிப்பவர். "தழும்பு!" என்று திடலே திருப்பிச் சொன்னது. எழுதி வைப்போமா என்று யோசியாஸ் கேட்டான். தமாரிஸ் அவன் காலை மிதித்தாள்.

வெட்டுகிறவன் ஒரே வீச்சில் வெட்டினான். டாலர் நிமிர்ந்து நின்றது, ஏதோ மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வதுபோல. பிறகு கழுத்திலிருந்து வந்தது பாருங்கள், நான் சொன்னால் பொய் என்பீர்கள், சபை ஆயர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று, அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். கட்டியிருந்த காலைச் சுற்றிக் கடா ஒரு வட்டம் ஓடியது. கூட்டம் சிதறியது, ஒரு கிழவர் பன்றிக் குழியில் விழுந்தார். கடைசியில் அது முட்டி மடக்கிச் சாய்ந்தபோது தரை அதிர்ந்தது. யோசியாஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். குளிப்பாட்டியவன் அல்லவா. எங்கள் முப்பது வருடமும் மண்ணில் நுரைத்துக்கொண்டிருந்தது. கொம்பைப் பொங் லிம்போங் தன் வீட்டு முன்கம்பத்தில் அடிக்க எடுத்துப் போனார். எங்களுக்குப் பின்தொடையில் ஒரு துண்டு கிடைத்தது.

ஜனவரியில் ரூபியா அடிமட்டம் தொட்டது. எண்ணெய் வாங்கப் போனவன் பாட்டிலை மட்டும் திரும்பக் கொண்டுவந்தான். அரிசிக்கடை முன் குத்து, மண்ணெண்ணெய்க் கடை முன் வெட்டு. பொங் லிம்போங்கின் மகாசர் வங்கி ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. குட்டிகளும் போயின, தாயும் போனது. மூன்று நாள் அவர் யாரையும் பார்க்காமல் சன்னலில் உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டபோது நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் என்றால், அன்று இரண்டு மூங்கில் குழாய்க் கள் அதிகமாகக் குடித்தேன்.

எங்கள் சொத்து முழுவதும் இப்போது என் வலது கையில் இருந்தது.

தமாரிஸ் அதற்குத் துணி சுற்றினாள். விறகு பிளக்கக் கூடாது. தண்ணீர் தூக்கக் கூடாது. தூக்கத்தில் அதன்மேல் படுக்கக் கூடாது. பேருந்தில் அதைச் சன்னல் பக்கம் வைக்கக் கூடாது. வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையை நான் அனுபவித்ததில்லை. சோறுகூட அவளே பிசைந்து கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வியாதி?" என்று கேட்டவர்களிடம், "அது வியாதி இல்ல, வங்கி," என்று யோசியாஸ் பல் போன வாயைக் காட்டிச் சொன்னான்.

ஜூனில் அறுவடை முடிந்தது. அறுவடை முடிந்தால் வயலில் உதைச்சண்டை. இரண்டு ஊர் ஆண்கள் எதிரெதிராக நிற்பார்கள், இருவர் இருவராகக் கை கோத்துக்கொண்டு. கையால் அடிக்கக் கூடாது, விழுந்தவனை உதைக்கக் கூடாது, மற்றபடி எல்லாம் கூடும். நல்ல உதை விழுந்தால் அடுத்த வருடம் நல்ல விளைச்சல். நான் வரப்பில் பார்வையாளனாகத்தான் போனேன். பொங் லிம்போங்கின் மூத்த மகன் தலமா எதிர்வரிசையிலிருந்து கூவினான்.

"என்ன மாமா, கையத் துணியில சுத்திக் குழந்த மாதிரி வெச்சிருக்கீங்க? பால் குடுத்தீங்களா?"

வயல் முழுக்கச் சிரித்தது.

"அக்கா அனுமதி குடுக்கலையா மாமா? காலுக்குமா துணி சுத்தியிருக்கு?"

அரசாங்கச் சாலையைத் தேய்த்த காலய்யா இது. இறங்கிவிட்டேன். யோசியாஸ் ஓடிவந்து என் வலது கையைக் கோத்துக்கொண்டான், காவலுக்கு. முதல் ஜோடியை நான் நெஞ்சில் உதைத்தேன். அவர்கள் அடுத்த ஊரில் போய் விழுந்தார்கள். இரண்டாவது ஜோடியில் ஒருவன் காது இன்றைக்கும் கேட்காது. வரிசைகள் மோதின, சேறு பறந்தது, தாடைகள் தட்டின, எலும்புகள் அடுப்பில் மூங்கில் வெடிப்பதுபோல வெடித்தன. மூக்கில் ரத்தமில்லாத ஆண் அந்த வயலில் இல்லை. அப்போது தலமாவும் அவன் தம்பியும் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். என் காலைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்க்கவில்லை. கோத்திருந்த எங்கள் கைகளின் நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள். நான் ஒரு பக்கம் விழுந்தேன், யோசியாஸ் மறுபக்கம். அவன் பிடியை விடவில்லை. என் கைக்குள் ஒரு சத்தம் கேட்டது. முன்கை புதிதாக ஒரு முழங்கை முளைத்ததுபோல வளைந்து தொங்கியது. வெள்ளையாக ஓர் எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

தமாரிஸ் வயலுக்கு வந்தபோது எல்லாரும் விலகி வழி விட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியின் மயிரைப் பிடித்தாள்.

"விழும்போது கைய விட்டுத் தொலைக்க வேண்டியதுதானேடா!"

"நீதானக்கா சொன்ன! என்ன ஆனாலும் மாமா கைய மட்டும் விட்டுடாதன்னு நீதான சொன்ன!"

எலும்பு கட்டுகிறவர் வந்து, வாயில் மரக்கட்டை கொடுத்து, இழுத்து, முறுக்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நான் கத்திய கத்தலில் நோயாக இருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்திருப்பார், போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. கட்டுப் பிரித்தபோதுதான் தெரிந்தது: கை மூன்று விரற்கடை குட்டை. அந்த வைத்தியர் பொங் லிம்போங்குக்கு மைத்துனர் என்பதும் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் மைத்துனர்கள்தான், அதனால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது.

நாட்டுப் பணம் குறைந்ததுபோல என் கையும் குறைந்துவிட்டது. விரல் நுனிக்கும் தழும்புக்கும் நடுவில் இருந்த சொத்து சுருங்கிவிட்டது. சின்னக் கொம்பு வைத்த கடா, நாலில் ஒரு பங்கு விலை, அதுவும் இனித் தழும்பைத் தொடும்.

செப்டம்பரில் எங்கள் வீட்டுச் சடங்கு. சொந்தங்கள் வந்துவிட்டார்கள், மூங்கில் கொட்டகைகள் கட்டியாகிவிட்டது, இனித் தள்ள முடியாது. பொங் லிம்போங் முதலில் ஒரு சாக்கோடு வந்தார்.

"டிசம்பர் மாச விலை, அப்படியே இருக்கு தமாரிஸ். சல்லி குறையாது."

தமாரிஸ் சாக்கை வாங்கினாள், பன்றிக் குழிக்குள் கொட்டினாள். பன்றிகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. சத்தியமாக, ஒரு பன்றிகூடத் தின்னவில்லை.

"பாத்தீங்களா மாமா? அதுங்களுக்கே தெரியுது."

மகன்கள் குழிக்குள் குதித்து நோட்டுகளைப் பொறுக்கினார்கள். அன்று மாலையே அவர் ஒரு புள்ளிக்கடாவை ஓட்டி வந்தார். அழகுதான், நீலக்கண்தான், ஆனால் கொம்பு சின்னது. பல்லிளித்துக்கொண்டே என் கையைக் கேட்டார். அளந்தார்கள். விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை, தழும்பு.

"தழும்பு!" என்று கத்தினார் அறிவிப்பவர், பாவம், அவர் வேலை அது.

"இடது கைய நீட்டுங்க மாமா," என்றான் யோசியாஸ். "ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க, எது குட்டைனு ஊரே பாக்கட்டும்!"

"ரோலர் ஓட்டுனவனுக்கு ஒரு கை குட்டையாத்தான் இருக்கும்," என்றார் பொங் லிம்போங். "ஒரே பக்கமா இழுத்து இழுத்து. அன்னிக்கு ஊரே தழும்புன்னு சொல்லுச்சு. தழும்பு எங்கயாவது நகந்துச்சா? இல்லையே?"

பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். சொன்ன சொல் தழும்புதான். யோசியாஸ் அரிவாளைத் தேடினான், தலமா ஏற்கெனவே தேடி வைத்திருந்தான். அந்த நேரத்தில் தமாரிஸ் சின்னக்கொம்புக் கடாவின் கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா போற?"

"இதக் குளிப்பாட்ட மாமா."

ஆற்றுப் பக்கம் போகவில்லை அவள். வரப்பில் ஏறி, வயலைக் கடந்து, பொங் லிம்போங்கின் குலவீட்டை நோக்கிப் போனாள். சடங்குக்கு வந்த அத்தனை கூட்டமும் பின்னால் போனது, கள் மூங்கிலோடு. பாதி வழியில்தான் பொங் லிம்போங்குக்கு உறைத்தது. "தலமா! ஓடுடா! கம்பத்துல இருந்து எறக்கு!" என்று கத்தினார். தலமா ஓடினான். யோசியாஸ் துரத்தி அவன் இடுப்பில் பாய்ந்தான். இருவரும் சேற்றில் உருண்டார்கள். யோசியாஸ் பல் போன இடத்தால் அவன் தோளைக் கடித்தான். அதுதான் அதிக வலியாம். தம்பிக்காரன் கல்லை எடுத்தான், என் அண்ணன் மகன் அவன் கையை முறுக்கினான். அப்புறம் இரண்டு வீட்டு ஆண்களும் வரப்பில், வாய்க்காலில், அறுத்த தாளில், பிடித்தது பிடித்தபடி அடித்துக்கொண்டார்கள். நான் இடது கையால் மூன்று பேரைப் படுக்க வைத்தேன். குட்டைக் கையால் ஒருவனை.

பொங் லிம்போங்கின் வீட்டு முன்கம்பத்தில் கொம்புகள் கீழிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றில் ஆகப் பெரியதை, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மார்பு உயரத்தில் அவரே அடித்து வைத்திருந்தார். வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்திக் காட்டுவார். டாலரின் கொம்பு. இத்தனை நாளில் அதை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆள் எவனுக்கும் தோன்றாது. கம்பத்துக் கொம்பைக் கழற்றுகிறவன் தன் அம்மாவின் சாவைச் சிறியதாக்குகிறவன்.

தமாரிஸ் கடாவின் தலையைக் கம்பத்தோடு சேர்த்து நிறுத்தினாள். அப்பா பக்கத்தில் பிள்ளை நின்றதுபோல இருந்தது. கடா தலையைத் திருப்பி டாலரின் கொம்பை மேலும் கீழும் பார்த்தது, பிறகு நாக்கை நீட்டி அதை நக்கியது.

முதலில் சிரித்தது ஆயர். அப்புறம் அறிவிப்பவர். அதன்பின் வயலில் ரத்தம் வடிய நின்றவர்கள் எல்லாம் அடிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொங் லிம்போங்கை எங்கள் உதை எதுவும் அடிக்காத அடி அடித்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கொட்டிலில் அவருக்கு ஒரு புள்ளிக்கடா இருந்தது. பெரிய கொம்பு, பால் ஊற்றி வளர்த்தது. தன் சொந்தச் சாவுக்கென்று வைத்திருந்தார்.

"அத எடுத்துட்டுப் போனா," என்றார், கொட்டிலைக் கைகாட்டி, "நான் எப்படிம்மா சாவேன்?"

"சாகாதீங்க மாமா," என்றாள் தமாரிஸ். "யாரு அவசரப்படுத்துனா?"

மறுநாள் எங்கள் திடலில் அந்தக் கடாவை நிறுத்தினோம். கம்பத்துக் கொம்போடு வைத்து அளந்தாகிவிட்டது. என் கையை யாரும் கேட்கவில்லை. வீச்சு இறங்கியது. இந்த முறை யோசியாஸ் அழவில்லை. முன்வரிசையில் நின்று முகமெல்லாம் ரத்தம் வாங்கிக்கொண்டான். கடா சாய்ந்தபோது தமாரிஸ் தெற்கறைக்குள் போனாள். அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். வெளியே வந்து, அப்பா இறந்துவிட்டார் என்று அறிவித்தாள். அதன் பிறகுதான் முதல் தடவையாக அழுதாள். அழுகிற அழுகையில் பக்கத்தில் நின்ற மூன்று பெண்களை அறைந்தாள்.

கொம்பை எங்கள் முன்கம்பத்தில் நானே அடித்தேன். மார்பு உயரத்தில் அல்ல, கூரைக்கு அருகில். ஏணி வைத்தாலும் எட்டாது.

இறங்கி வந்தபோது தமாரிஸ் அடுப்படி வாசலில் நின்றாள். மூங்கிலில் இறைச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள், நெருப்புப் போதவில்லை. அவள் என் வலது கையில் இருந்த துணியை அவிழ்த்து எறிந்தாள், கோடாலியை அதில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காதீங்க சம்பே அப்பா. விறகு பிளங்க."

பொங் லிம்போங் இன்னும் உயிரோடு இருக்கிறார். தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் என்னைப் பார்த்ததும் என் குட்டைக் கையை இறுக்கிப் பிடித்து, "போலுல புள்ளிக்கடா இப்ப என்ன வில?" என்று கேட்பார். நான் நிஜ விலைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துத்தான் சொல்வேன். மனிதர் இன்னும் ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் போகட்டும்.